மீனுக்கு ஒரு மெத்தை

கரைக்கு என்னென்ன வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தூண்டில் கம்பு, நைலான் நரம்பு, முள், இரை எல்லாம் அப்பாவுடையது. கரை முழுவதும் என்னுடையது. எங்கள் ராயபுரம் சந்தில் இப்படி ஒரு பதவி அதுவரை எந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை. கிடைக்க வழியும் இல்லை. எங்கள் சந்தில் கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள் யாரும் கிடையாது. எல்லோரும் கடலுக்குள் போய்ப் பிடிக்கிறவர்கள்.

அப்பா மட்டும் போகமாட்டார். பெரியப்பாவுக்குக் காசிமேட்டில் சொந்த போட் இருந்தது. அப்பாவோ திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, வருகிற லாரியின் நம்பரையும் கையிலிருக்கும் சீட்டின் நம்பரையும் ஒத்துப்பார்த்து உள்ளே விடுகிற வேலை பார்த்தார். ஏன் கடலுக்குப் போவதில்லை என்று கேட்டால் அம்மா முட்டி வலி என்பாள். அந்த முட்டியோடு அப்பா தெருப் பையன்களுடன் பந்து ஆடி கோல் போடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா மகன் என்னைவிட இரண்டு வகுப்பு மேல். அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். சண்டை வந்தால் அதுவும் நின்றுவிடும். சண்டையில் அவன் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு.

"எங்கப்பா மீனு புடிக்கிறாரு. உங்கப்பா லாரி புடிக்கிறாரு."

அதற்குப் பதிலே கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். லாரி பெரியது, மீன் சின்னது என்று ஒரு முறை சொல்லப்போய், சந்தே சிரித்துவிட்டது.

அப்பாவின் செல்போனில் ஏரி மீன் பிடிக்கும் வீடியோக்கள் வர ஆரம்பித்தது அந்த வருஷம்தான். யார்டில் வேலையில்லாத நேரத்தில் எதையோ தேடப்போய் எதிலோ மாட்டிக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் பச்சைப் பசேலென்ற ஏரிக்கரைகளில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, டீ போட்டு, கெண்டை மீன் பிடிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் நானும் ஒரே தலையணையில் தலைவைத்துப் படுத்து அதைப் பார்ப்போம். அப்பா மீனைப் பார்ப்பார். நான் சாமான்களைப் பார்ப்பேன். கம்பை வைக்கத் தனியாக ஒரு தாங்கி. மீன் இழுத்தால் கத்துவதற்கு ஒரு பெட்டி. மீனை அள்ளுவதற்கு நீளக் கைப்பிடி போட்ட வலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்த மீனைப் படுக்கவைக்க ஒரு மெத்தை. மெத்தையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அதில் மீனைக் கிடத்தி, வாயில் முள் குத்திய இடத்துக்கு மருந்து போட்டு, அப்புறம் முத்தம் கொடுத்துத் திரும்பவும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.

"இன்னாத்துக்குப்பா திருப்பி வுடறாங்க?"

"அவுங்க வூட்ல கொழம்பு வெக்கத் தெரியாது போல" என்றார் அப்பா.

ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு நாள், பாரிமுனைப் பக்கமிருந்து ஒரு ஃபைபர் கம்பும் ரீலும் வாங்கி வந்து கட்டில் மேல் வைத்தார். மாதவரத்தைத் தாண்டி ஒரு ஏரி இருக்கிறதாம். ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடலாமாம். கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்திருக்கிறார்களாம். அப்பா சொல்லிக்கொண்டே போக, அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கரையிலதான குந்திகினு இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கரையிலதான்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "கரைக்கு இன்னா இன்னா வேணும்னு பாப்பாதான் பாக்கப்போவுது. அதுக்குத்தான் எல்லாம் மனப்பாடமா தெரியும்" என்றார்.

இப்படித்தான் நான் பதவிக்கு வந்தேன்.

முதலில் நாற்காலி. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கரையில் மண் இளகலாக இருக்கும், நாலு காலும் உள்ளே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. மணலில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் அப்பா, பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல் போதும் என்றார். அங்கே நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்காரவைத்தேன். ஒரு கால் மட்டும் இறங்கி அப்பா சாய்ந்தார். வாட்ச்மேன் ஓடிவந்து விசாரித்தார். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது நாற்காலியே இல்லை. டயரின் மேல் பழைய வயரைப் பின்னி, எங்கள் சந்து முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் உட்கார்ந்திருந்த மோடா. அது எந்த மண்ணிலும் இறங்காது. அவரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் கேட்டு வாங்கினேன்.

கத்துகிற பெட்டிக்குப் பதில் மணி. சைக்கிள் மணியைக் கட்டிப் பார்த்தேன். மீன் வந்து கட்டைவிரலால் அழுத்தினால்தான் அடிக்கும். வீட்டில் கிறிஸ்துமஸ் ஜோடனையில் இருந்த வெள்ளி மணி அழகாக இருந்தது, சத்தம்தான் இல்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஆட்டுக்குக் கட்டும் குட்டி மணி கிடைத்தது. அதைக் கம்பின் நுனியில் கட்டி, நரம்பை அப்பா அடுப்பங்கரையிலிருந்து இழுக்க, நான் தெருவில் நின்று கேட்டேன். தெளிவாகக் கேட்டது. கம்பைத் தாங்க, பழைய இரும்புக் கடையில் நுனி வளைந்த இரண்டு கம்பிகள் பொறுக்கினேன். குடை, வாளி, ஈரத்துணி, காய்ந்த துண்டு. ஒவ்வொன்றையும் மொட்டைமாடியில் வரிசையாக வைத்து, ஏரி இந்தப் பக்கம், நாம் அந்தப் பக்கம் என்று அப்பாவுக்கு விளக்கினேன். அப்பா மேனேஜர் முன்னால் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டார்.

மெத்தையில்தான் பிரச்சினை வந்தது.

"வூட்ல நமக்கே பாயி. மீனுக்கு மெத்த கேக்குதா?" என்றாள் அம்மா.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மெத்தை இல்லாவிட்டால் கரையே இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அப்பா, கன்டெய்னரில் சாமான்களுக்கு நடுவே வைத்து அனுப்பும் ஸ்பாஞ்சு ஒன்றை யார்டிலிருந்து கேட்டு வாங்கிவந்தார். அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் டோல்கேட்டில் ஆட்டோ சீட் தைக்கிற பாயிடம் போனோம். பாய் ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார்.

"கொயந்தைக்கா?"

"இல்ல. மீனுக்கு" என்றேன்.

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஆமா பாய், மீனுக்குத்தான்" என்று சத்தியம் செய்கிறவர் மாதிரி சொன்னார். பாய் அளவு நாடாவை எடுத்தார். மிச்சம் கிடந்த நீல ரெக்ஸினில் உறை தைத்து, ஓரத்தில் ஆட்டோக்களுக்கு வைக்கிற மஞ்சள் பட்டையும் வைத்துக் கொடுத்தார். வீடியோவில் பார்த்த எந்த மெத்தையிலும் மஞ்சள் பட்டை கிடையாது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு இருந்த கர்வம், பிற்பாடு டிகிரி வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

அள்ளுகிற வலைக்கு மாமாவிடம் போனோம். மாமா அம்மாவின் அண்ணன். காத்திவாக்கத்தில் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். வலை பின்னுவதில் கெட்டி. கேலி பேசுவதில் அதைவிடக் கெட்டி. நாங்கள் போன விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"கடல்ல மீனு புடிச்ச கையி, குட்டையில கெண்ட புடிக்கப் போவுதா? வலை இன்னாத்துக்கு மாப்ள? சோறு வடிக்கிற கூடைய எட்த்துகினு போ."

"வலை சின்னதா இர்ந்தாப் போதும் மச்சான். கைப்பிடிதான் நீளமா வேணும்."

"எவ்ளோ நீளம்?"

அப்பா சுவரோரம் சாத்தியிருந்த மூங்கில்களில் நீளமான ஒன்றைத் தொட்டார். "இது முழுசும்."

"அடேங்கப்பா! இன்னாத்துக்கு இவ்ளோ..." என்று ஆரம்பித்த மாமா பாதியில் நிறுத்திவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சர்தான்" என்றார் மாமா, சிரிப்பே இல்லாத குரலில். "முழுசாவே வெக்கிறேன். ஆனா பஸ்ல ஏத்த மாட்டானுங்கோ. நானே வண்டி எட்த்துகினு வர்றேன்."

மாமாவிடம் இறால் பெட்டி ஏற்றுகிற குட்டியானை வண்டி இருந்தது. பேச்சில் யாருக்கும் தோற்காத மாமா, அப்பாவின் மீன்பிடி ஞானத்துக்கு முன்னால் வாயடைத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை பார்க்காமல் ஏரியும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டதால், அப்பா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே வண்டியில் ஏறினார். அம்மா வரவில்லை. மாமாவிடம் மட்டும் தனியாக ஏதோ சொன்னாள். மாமா, "நான் கீறன்ல, வுடு" என்றார்.

ஏரிக்கரையில் முன்பே ஏழெட்டுப் பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் எதுவும் இல்லை. கம்பு, ஒரு பொட்டலம் மாவு, பீடி. நாங்கள் வண்டியிலிருந்து மோடா, குடை, கம்பித் தாங்கி, மணி, வாளி, மூங்கில் வலை, கடைசியாக நீல மெத்தை என்று ஒவ்வொன்றாக இறக்கியபோது அவர்கள் தூண்டிலை மறந்து எங்களையே பார்த்தார்கள்.

"இன்னா மாமு, வூடு காலி பண்ணிகினு வந்துட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"பொண்ணோட ஏற்பாடு" என்றார் அப்பா. அவர் குரலில் வெட்கம் இல்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

மொட்டைமாடியில் திட்டமிட்டபடி எல்லாவற்றையும் வைத்தேன். மோடாவைத் தண்ணீர் விளிம்பில் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா அதைத் தூக்கிக் கரை மேட்டில், வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோயிருந்தார். வீடியோவில் அவர்கள் தண்ணீர்ப் பக்கத்தில்தானே உட்காருகிறார்கள் என்று தகராறு செய்தேன்.

"நம்ம நெழலு தண்ணில வியுந்தா மீனு உசாராயிடும் பாப்பா."

என்ன அறிவு என்று வியந்தேன். வெள்ளைக்காரர்களுக்கே தெரியாத விஷயம்.

கடலைப் புண்ணாக்கும் மைதாவும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்த மாவை உருட்டி முள்ளில் கோத்து, அப்பா மேட்டில் நின்றபடியே வீசினார். அந்த வீச்சைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடினார்கள். நரம்பில் கட்டிய ஈயக் குண்டு, வெகு தூரத்தில், தண்ணீருக்குள் பாதி மூழ்கிக் கிடந்த ஒரு வேலிகாத்தான் மரத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நான் மணியைக் கட்டினேன். காத்திருந்தோம். மாமா மெத்தையில் தலையை வைக்கப் போனார், எழுப்பிவிட்டேன். வெயில் ஏறியது. பக்கத்துக் கரைக்காரர்களுக்குக் கையகல ரோகு இரண்டு மூன்று விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு முறை மணி அடித்தது, தட்டான் உட்கார்ந்திருந்தது.

"மெத்தையப் பார்த்து மீனுங்கோ எல்லாம் தூங்கப் போய்ட்ச்சி" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வெறுங்கையோடு சந்துக்குள் நுழைந்தால் பெரியப்பா மகன் என்ன சொல்வான் என்பதை வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். அப்போதுதான் மணி அடித்தது. அடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மணி அறுந்து தண்ணீரில் போய் விழுந்தது. கம்பு வில்லாக வளைந்து கம்பித் தாங்கியோடு பிடுங்கிக்கொண்டு கிளம்ப, அப்பா பாய்ந்து பிடித்தார்.

அப்பாவை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. கேட்டில் உட்கார்ந்து நம்பர் பார்க்கிறவர் எங்கேயோ போய்விட்டார். மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுத்தும், நின்றால் சுற்றி இழுத்தும், உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கரைக்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு தடவை மீன் புரண்டபோது முதுகைப் பார்த்தோம். "கட்லாடா! தபாரு, தலையே எவ்ளோ பெர்சு!" என்று கத்தினான், வீடு காலி செய்தீர்களா என்று கேட்டவன்.

மீன் பாதி தூரம் வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, மூழ்கிக் கிடந்த அந்த மரத்துக்குள் போய்விட்டது. கிளையில் நரம்பு சுற்றிக்கொண்டது. கம்பு அசையவில்லை. மீன் மட்டும் கிளைகளுக்கு நடுவே, மேல்மட்டத்தில், பளார் பளாரென்று வாலை அடித்தது. இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். விட்டால் மீன் தானாகவே கழன்றுவிடும். அப்பா முதல் தடவையாக மேட்டை விட்டு இறங்கி வந்து, தண்ணீர் விளிம்பில் நின்று, மாமா நீட்டிய மூங்கில் வலையை ஒரு கையால் எட்டிப் போட்டார். முழு மூங்கிலும் போதவில்லை.

வலை கரைச் சாமான். கரை என்னுடையது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் கையிலிருந்து மூங்கிலை வாங்கித் தண்ணீருக்குள் இறங்கினேன். முட்டி அளவு போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் பெயர்தான். ஆனால் அந்தக் குரலில் அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அடுத்த நிமிஷம் இரண்டு கைகள் என் கக்கத்தில் புகுந்து தூக்கிக் கரையில் நிறுத்தின. அப்பாவின் காலில் செருப்பு நனைந்திருந்தது. கம்பு மாமாவின் கையில் இருந்தது. அப்பா என்னையும் பார்க்காமல் மீனையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது சொல்லப்போவது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். எனக்கு இரண்டு வயது இருக்கும்போது, பெரியப்பாவின் பழைய போட் துறைமுகத்தைத் தாண்டிப் போனதும் அலையில் கவிழ்ந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அப்பாவும் அப்பாவின் தம்பியும். கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் கிடந்திருக்கிறார்கள். விடிந்து இன்னொரு போட் வந்து பார்த்தபோது அப்பா மட்டும் இருந்தார். சித்தப்பாவின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் உண்டு; அவர் கடலோடு போனவர் என்பதும் எனக்குத் தெரியும். அந்த போட்டில் அப்பாவும் இருந்தார் என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அப்பா தண்ணீரில் கால் வைத்ததில்லை. வேளாங்கண்ணிக்குப் போனபோதுகூட எங்களைக் கடலில் இறங்கவிட்டு, தான் மணலில் நின்று செருப்புகளுக்குக் காவல் இருந்தார்.

"மாப்ள, நீ இரு. நான் போறேன்" என்றார் மாமா.

"வேணாம் மச்சான்." அப்பா செருப்பைக் கழற்றினார். "அது பாத்துகினு கீது."

அது என்றது என்னைத்தான். நான் வருங்காலத்தில் மீனை எப்படி அள்ள வேண்டும் என்று பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றாகத் தெரியும்படி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றேன்.

அப்பா மெதுவாக, மிக மெதுவாக இறங்கினார். மீனுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று அப்படிப் போகிறார் என நினைத்தேன். முட்டி, தொடை, இடுப்பு. இடுப்பு அளவு வந்ததும் நின்றுவிட்டார். மூங்கிலைப் பிடித்த கை வெளுத்திருந்தது. மாமா கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"தோ இங்கதான் கீறேன் மாப்ள. தரை கீதா கால்ல? கீதில்ல? அவ்ளோதான். ஏரி மாப்ள, ஏரிதான் இது. தோ நான் கீறேன்."

அது ஏரி என்று அப்பாவுக்குத் தெரியாதா? இந்த மாமா ஏன் இப்படி உளறுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "சும்மா இரு மாமா, மீனு போய்டும்" என்றேன். "போப்பா! இன்னும் கொஞ்சம்தாம்பா!" என்று கத்தினேன்.

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு போனார். மார் அளவு தண்ணீரில் வெள்ளைச் சட்டை உப்பி மிதந்தது. கிளைகளுக்கு அடியில் வலையைக் கொடுத்து, ஒரு கையால் நரம்பை விடுவித்து, வாலடியில் முகமெல்லாம் சேறு தெறிக்க, ஒரே தூக்கு. வலை கிழியும்போல் தொங்கியது. கரையில் இருந்த அத்தனை பேரும் விசில் அடித்தார்கள்.

மெத்தையை நான் தயாராக நனைத்து வைத்திருந்தேன். மீனைக் கொண்டுவந்து அதில் கிடத்தினோம். மஞ்சள் பட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருந்தது. நீலத்தில் வெள்ளிச் செதில்கள் மின்னின. நான் திட்டமிட்டதிலேயே சரியாக நடந்தது அது ஒன்றுதான். அதை ஆசை தீரப் பார்ப்பதற்குள் அப்பா தடாலென்று அதே மெத்தையில், மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சித்திரை வெயிலில் அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"அப்பா, அது மீனோட மெத்த!" என்றேன்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து அப்பாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு சிரிக்க நான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரியவில்லை. மீனுக்கென்று எடுத்துவந்த காய்ந்த துண்டை அப்பாவுக்குப் போர்த்தினேன். நான் அதையும் கொண்டுவந்திருந்ததால்தானே ஆயிற்று.

நடுக்கம் நின்றதும் அப்பா கேட்டார், "இன்னா பாப்பா, முத்தம் குட்த்து வுட்டுர்லாமா?"

மீனைப் பார்த்தேன். பெரியப்பா மகனின் முகமும் கண்முன் வந்தது.

"நம்ம வூட்ல கொழம்பு வெக்கத் தெரியுமேப்பா" என்றேன்.

மெத்தையிலேயே வைத்துச் சுருட்டி, வண்டிக்குப் பின்னால் ஏற்றினோம். ராயபுரம் வந்ததும் சந்து முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். வீட்டு வாசல் வரை வண்டியில் போனால் யார் பார்ப்பார்கள்? தலைமாட்டை நானும் கால்மாட்டை மாமாவும் பிடித்துக்கொண்டு, மெத்தையோடு மீனை ஊர்வலமாகக் கொண்டுபோனோம். பஞ்சர் கடைக்காரர் எழுந்து நின்றார். பெரியப்பா மகன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவன், நூலைச் சுற்றாமல் அப்படியே பிடித்தபடி வந்தான்.

"ஏரி மீனு, சேத்து நாத்தம் அடிக்கும்" என்றான். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"எங்கப்பா மார் தண்ணில எறங்கிப் புடிச்சாரு" என்றேன், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "உங்கப்பா போட்ல குந்திகினுதான புடிக்கிறாரு? எங்கப்பா தண்ணிக்குள்ள எறங்கி, கையால புடிச்சாரு!"

சந்து அமைதியாகிவிட்டது. என் பேச்சின் வலிமை அப்படி என்று நினைத்தேன். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். இத்தனை பெரிய மீன் அவர் கண்ணிலேயே படவில்லை. நேராக அப்பாவிடம் போய், பாதி காய்ந்து சேறு படிந்திருந்த சட்டையை நெஞ்சுப் பக்கம் தொட்டுப் பார்த்தார்.

"எறங்கினியாடா?"

"எறங்கினேன்ணா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் மீனைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று உள்ளே போய்விட்டாள். பூசைச் சட்டை பாழானதில் கோபம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி, "நானே தொவச்சித் தர்றம்மா" என்றேன். அவள் என்னைப் பிடித்து இழுத்து உச்சந்தலையில் முகத்தை வைத்து அழுத்தினாள். எனக்கு அவசரமாக இருந்தது. வெளியே மீனைப் பார்க்க ஆள் சேர்ந்துகொண்டிருந்தது, விளக்கம் சொல்ல நான் இல்லை.

சாயங்காலம் பெரிய சட்டியில் குழம்பு கொதித்தது. சந்தில் பாதி வீட்டுக்குப் போகிற அளவு. மீன் தலை யாருக்கு என்ற பஞ்சாயத்தில் நான் பெரியப்பா மகனுக்கு ஒரு பக்கக் கன்னத்தைப் பெருந்தன்மையாக ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

"வாடா, கரைப் பக்கம் போய்ட்டு வர்லாம்" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா சந்தின் கோடியைப் பார்த்தார். பிறகு எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். தன் குழம்பில் இன்னொருவர் கை பட்டால் கரண்டியால் அடிக்கிற அம்மா, அந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்து, "அடி புடிக்காமப் பாத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள். காத்திவாக்கத்துக்குப் புறப்பட வேண்டிய மாமாவும் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார். நாலு பேரும் சந்தின் கோடியில் கடல் தெரிகிற பக்கம் நடந்தார்கள். அப்பா நடுவில். எனக்கு விவரம் தெரிந்து அப்பா அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்ததில்லை.

கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தேன். தினமும் அங்கேயே கிடக்கிற கடலை, சரியாக என் மீன் கொதிக்கிற நேரம் பார்த்தா போய்ப் பார்க்க வேண்டும்? எது முக்கியம் என்று இந்தப் பெரியவர்களுக்குத் தெரிவதேயில்லை என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் அடுப்பைத் தணித்தேன்.